கைகோராவின் கடற்பஞ்சு: நியூசிலாந்துப் பயணக் குறிப்புகள்

மார்ச் 10, திங்கள் – கிறைஸ்ட்சர்ச்

ஊர் சுற்றிப் பார்க்க எத்தனையோ இடங்கள் இருக்க, வந்த களைப்பு ஆறுமுன்பே பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையைப் பார்க்கக் கிளம்பியதில் தங்கைக்குச் சற்று வருத்தம்தான். புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் வேலை பார்க்கும் எனக்கு, இந்த நாட்டில் பனிமலைகளை விட முதலில் நினைவுக்கு வருவது எரிபுலின் என்னும் ஊசிமருந்து. உடலெங்கும் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்கு, வேறு மருந்துகள் கைகொடுக்காத நிலையில் தரப்படுவது அது. அதன் மூலம் ஒரு கடற்பஞ்சு என்று பாடநூல்களில் ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். அந்த வரி ஜப்பானில் தொடங்கினாலும், அதன் நடுப்பகுதி முழுவதும் நியூசிலாந்தின் தென்தீவில் நிகழ்ந்தது.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் மியுரா தீபகற்பத்தில் கிடைக்கும் ஹாலிகான்ட்ரியா ஒகடாய் என்னும் கருநிறக் கடற்பஞ்சிலிருந்து ஹிராத்தாவும் உவெமுராவும் ஹாலிகான்ட்ரின் பி என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்து 1986-இல் அறிவித்தார்கள். 600 கிலோ கடற்பஞ்சைக் கரைத்து வடித்ததில் அவர்களுக்குக் கிடைத்தது 12.5 மில்லிகிராம். புற்றுச் செல்களை அது மிகச் சிறிய அளவிலேயே கொன்றது. ஆனால் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டுமானால் அதைப் போல எத்தனையோ மடங்கு தேவைப்படும். அதே சேர்மம் வேறு எங்காவது இன்னும் தாராளமாகக் கிடைக்காதா என்ற கேள்வி எழுந்த இடத்தில்தான் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் ஜான் பிளன்ட், மரே மன்ரோ ஆகியோரின் குழு வருகிறது.

துறைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி ஒருவர், முன்பின் அறியாத எனக்காக அரை மணி நேரம் ஒதுக்கினார். உறைநிலையில் வந்து சேரும் கடற்பஞ்சைத் துண்டுகளாக்கி மெத்தனாலில் ஊறவைக்கிறார்கள். அந்தச் சாற்றைக் கரைப்பான்களுக்கு இடையில் பங்கிட்டுப் பல கூறுகளாக்குகிறார்கள். ஒவ்வொரு கூறையும் எலியின் இரத்தப் புற்றுச் செல்கள் மீது விட்டுப் பார்க்கிறார்கள். செல்கள் சாகாத கூறுகள் ஒதுக்கப்பட, சாகடித்த கூறு மட்டும் மறுபடியும் பிரிக்கப்பட்டு, மறுபடியும் சோதிக்கப்பட்டு, கடைசியில் ஒற்றைச் சேர்மமாக நிற்கும்வரை இது தொடரும். பி388 என்ற அந்தச் செல்வரிசை பல காலம் இங்கே வழிகாட்டியாக இருந்தது.

அவர் சொன்னதில் எனக்குப் புதிதாகப் பட்டது வேறொன்று. இந்த வேலையில் பெரிய இடர், எதுவும் கிடைக்காமல் போவது அன்று. பல மாதம் உழைத்துப் பிரித்த சேர்மம், வேறொருவர் எப்போதோ கண்டறிந்ததாக இருந்துவிடுவது. அதனால் பாதி வழியிலேயே, கையில் இருக்கும் சேர்மத்தின் நிறமாலையையும் நிறையையும் அறியப்பட்டவற்றோடு ஒப்பிட்டுவிடுகிறார்கள். கடல்சார் சேர்மங்களுக்கான மரின்லிட் என்ற தரவுத்தளம் இதே துறையில் உருவாகி வளர்ந்ததுதான்.

திரும்பும்போது பேருந்தில் ஒன்றைக் கவனித்தேன். பள்ளிப் பிள்ளைகள் முதல் முதியவர்கள் வரை, இறங்கும் ஒவ்வொருவரும் ஓட்டுநரைப் பார்த்து உரக்க நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் நல்ல சட்டை அணிந்த இளைஞர் ஒருவர் வெறுங்காலுடன் பால் வாங்கிக்கொண்டிருந்தார். அவரை நான் மட்டுமே திரும்பிப் பார்த்தேன்.

மார்ச் 11, செவ்வாய் – கைகோரா

தங்கை மகன் கார் ஓட்ட, காலையில் புறப்பட்டோம். கைகோரா என்னும் கடலோரச் சிற்றூர் வடக்கே சுமார் 180 கிலோமீட்டர். செவியட் என்ற சிற்றூரில் காபிக்கு நின்றபோது ஆட்டுக்கறி வைத்த பை ஒன்று எட்டு டாலர், அதாவது நானூறு ரூபாய். தங்கை கட்டிக் கொடுத்த புளிச்சோறு காரில் இருந்ததால் மனம் வரவில்லை. மலைச்சரிவுகளில் வளைந்து செல்லும் சாலை ஒவாரோவில் திடீரெனக் கடலோரம் இறங்குகிறது. அங்கிருந்து இடப்பக்கம் பாறைச்சுவர், வலப்பக்கம் அலை, நடுவில் சாலையும் ரயில் பாதையும் மட்டும்.

2016 நவம்பர் 14 நள்ளிரவு தாண்டியவுடன் 7.8 அளவில் இங்கே நிலம் அதிர்ந்தது. மலை சரிந்து சாலையையும் தண்டவாளத்தையும் மூடியது. கடலோரச் சாலை மீண்டும் திறக்க ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று. கைகோரா தீபகற்பத்தைச் சுற்றியுள்ள கடற்படுகை ஏறத்தாழ ஒரு மீட்டர் மேலெழுந்துவிட்டது. முன்பு நீருக்கடியில் இருந்த சுண்ணாம்புப் பாறைத் திட்டுகள் இன்று வெயிலில் வெளிறிக் கிடக்கின்றன. அவற்றின் மீது மக்கள் நடந்து போகிறார்கள், கடல்நாய்கள் படுத்து உறங்குகின்றன. அருகில் போனால் கடல்நாயின் வாடை மூக்கைத் துளைக்கிறது. தள்ளி நில்லுங்கள் என்று எழுதிய பலகைக்கு முன்னால், பலகையைப் படித்தறியாத கடல்நாய் ஒன்று படுத்திருந்தது.

நான் தேடி வந்த, கேன்டர்பரிக் குழுவின் கடற்பஞ்சு இந்தப் பாறைகளில் இல்லை. லிசோடென்டோரிக்ஸ் பேரினத்தைச் சேர்ந்த அது, தீபகற்பத்துக்கு வெளியே 85 முதல் 105 மீட்டர் ஆழத்தில், சில சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் மட்டுமே வளர்கிறது. முத்துக்குளிப்பவரோ, முதுகில் காற்றுருளை கட்டி இறங்கும் சாதாரண முக்குளிப்பவரோ எட்ட முடியாத ஆழம் அது. கப்பலிலிருந்து இரும்புச் சட்டமிட்ட வாரு வலையை இறக்கி, அடியில் இழுத்து, வந்ததை மேலேற்றிப் பார்க்க வேண்டும். அப்படி வந்த மஞ்சள் நிறப் பஞ்சில் ஹாலிகான்ட்ரின் பி மட்டுமன்றி, அதன் உறவுச் சேர்மமாக அதுவரை யாரும் அறியாத ஐசோஹோமோஹாலிகான்ட்ரின் பி-யும் இருந்தது.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் ஆர்வம் காட்டியது. 1990களில் ஒரு டன் கடற்பஞ்சு இங்கிருந்து வாரி எடுக்கப்பட்டு, அதிலிருந்து கிடைத்த ஹாலிகான்ட்ரின் பி சுமார் 300 மில்லிகிராம். ஜப்பானியக் கடற்பஞ்சோடு ஒப்பிட்டால் இது பெரும் விளைச்சல். ஆனால் மருந்தகத்தில் இருப்பவன் கண்ணுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி தெரிகிறது. எங்களிடம் வரும் எரிபுலின் குப்பி ஒன்றில் இருப்பது ஒரு மில்லிகிராம். நடுத்தர உடல்வாகு உள்ள பெண்ணுக்கு ஒரு வேளைக்கு இரண்டு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம் தேவை; 21 நாள் சுற்றில் இரண்டு வேளை. ஒரு டன் கடற்பஞ்சு, அதே அளவில் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், பத்துப் பன்னிரண்டு நோயாளிகளைச் சில மாதங்களுக்குத் தாங்கும். வாருவதற்கு முன் அந்தப் படுகையை அளந்து பார்த்தவர்கள், மொத்தக் கடற்பஞ்சும் 300 டன்னுக்கும் குறைவே என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஒன்று விடாமல் வழித்தெடுத்தாலும் 90 கிராம் தேறாது. அதற்குப் பிறகு அங்கே கடற்பஞ்சே இருக்காது.

தென்வளைகுடாப் படகுத்துறையில் சிங்கி இறால் கூடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். ஆழத்தில் கூடு இறக்கும்போது பஞ்சு ஒட்டிக்கொண்டு வருவதுண்டு, தூக்கிக் கடலில் போட்டுவிடுவோம், நாற்றம் கையை விட்டுப் போகாது என்றார். அது மருந்தாயிற்று என்று நான் சொன்னபோது நம்பாதவர்போல் என் மருமகனைப் பார்த்தார். “மாமா சொல்வது உண்மைதான்” என்று அவன் ஆங்கிலத்தில் சாட்சி சொன்னான். அப்படியானால் கடலோரத்தில் ஒரு பலகை வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டார். எனக்கும் அதே எண்ணம்தான். திமிங்கிலத்துக்குச் சிலையும் சுவரோவியமும் வைத்த ஊரில் கடற்பஞ்சுக்கு ஒரு வரி கிடையாது.

இரவு உணவுக்குச் சாலையோர வண்டியில் சிங்கி இறால். பாதியாகப் பிளந்து, பூண்டு வெண்ணெய் தடவி, தட்டில் வாட்டித் தருகிறார்கள். அளவில் சிறியதே 70 டாலர். இருவரும் பகிர்ந்துகொண்டோம், சதை இனிப்பாக, இறுக்கமாக இருந்தது, மிளகுத்தூள் கேட்டபோது சிரித்துக்கொண்டே உள்ளே போய்த் தேடிக் கொண்டுவந்தார் கடைக்காரப் பெண். உருளைக்கிழங்கு வறுவலில் கால்பங்கு, சிவந்த அலகுடைய கடற்காக்கைக்குப் போயிற்று. கையிலிருந்தே பறித்தது.

மார்ச் 12, புதன் – கைகோரா

திமிங்கிலம் பார்க்கும் படகில் ஓர் இடத்துக்கு 165 டாலர். தெற்கிலிருந்து பெரிய அலை. இஞ்சி மிட்டாய் தின்றும் பயனில்லாமல் பாதி நேரம் காகிதப் பையோடு கழிந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த ஜெர்மானிய மூதாட்டி தன் ஈரத்துணியை என் பிடரியில் வைத்து, ஒரு சொல்லும் பேசாமல், அடிவானத்தைக் கைகாட்டிக்கொண்டே இருந்தார். அடிவானத்தையே பார்த்தால் குமட்டல் குறையும் என்பது பிறகுதான் புரிந்தது.

கரைக்கு மிக அருகிலேயே கடல் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமாகிவிடுவதுதான் இந்த ஊரின் சிறப்பு. அந்தக் கடலடிப் பள்ளத்தாக்கினால்தான் எண்ணெய்த் திமிங்கிலம் ஆண்டு முழுவதும் இங்கே இரை தேடுகிறது. ஒன்றே ஒன்று மேலே வந்து, சில நிமிடம் மூச்சு வாங்கி, வாலைத் தூக்கி இறங்கிற்று. 2016 நிலநடுக்கத்தில் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து 850 மில்லியன் டன் வண்டல் சரிந்து ஆழ்கடலுக்குள் ஓடியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே இடத்தில் மட்டும் வாழும் உயிரிலிருந்து மருந்துக்கான மூலப்பொருளை எதிர்பார்ப்பது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று படகில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தபோதும் தோன்றியது.

மார்ச் 13, வியாழன் – கிராஸ்மியர், ஹாவ்லாக்

வடக்கே போகும் வழியில் கிராஸ்மியர் உப்பளம். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குப் பாத்திகள் புதிதல்ல, நிறம் புதிது. நீர் முழுக்க இளஞ்சிவப்பு. வெயில் மென்மையாகத் தெரிந்தாலும் தோலைச் சுட்டுவிடுகிறது. தொப்பி இல்லாத மருமகனின் காதுகளும் அந்தப் பாத்திகளின் நிறத்துக்கு வந்திருந்தன.

பிற்பகலில் ஹாவ்லாக். பெலோரஸ் நீர்க்கழியின் தலைமாட்டில் இருக்கும் இச்சிற்றூர் பச்சை ஓட்டுச் சிப்பிக்குப் பேர்பெற்றது. ஒரு சட்டி நிறைய வேகவைத்த சிப்பியும் ரொட்டியும் 32 டாலர். குளச்சல், முட்டம் பக்கங்களில் தேங்காய் அரைத்து வைக்கும் சிப்பிக் கறியைத் தின்றவர்களுக்கு இந்த வெண்ணெயும் வெள்ளைத் திராட்சை மதுவும் சப்பென்றிருக்கும். ஆனால் சிப்பி என்னவோ அவற்றைவிட இரு மடங்கு பெரியது.

இந்த நீர்க்கழிதான் பெலோருசைடு ஏ என்ற சேர்மத்துக்குப் பெயர் கொடுத்தது. இங்கே வளரும் மைக்கேல் ஹென்ட்ஷெலி என்ற கடற்பஞ்சிலிருந்து அதைப் பிரித்து 2000-இல் அறிவித்தவர்கள் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் வெஸ்ட், நார்த்கோட் ஆகியோரும், அவர்களோடு பேட்டர்ஷில்லும். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்களை இது கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது. ஹாலிகான்ட்ரின் செய்வது இதற்கு எதிர்மாறு. அது நுண்குழல்களை வளரவிடாது. இரண்டில் எது நடந்தாலும் செல் பிரிய முடியாமல் சாகிறது. ஓடும் இல்லாமல், ஓடவும் முடியாமல், பாறையில் ஒட்டியபடி நீரை வடிகட்டித் தின்னும் ஓர் உயிர் தன்னைத் தின்ன வருபவர்களைத் தடுக்க நஞ்சை நம்புவதில் வியப்பில்லை. அந்த நஞ்சு மனிதனின் நுண்குழலிலும் வேலை செய்வதற்குக் காரணம், நுண்குழல்களை ஆக்கும் புரதம் பரிணாமத்தில் பெரிதாக மாறாமல் எல்லோரிடமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதுதான்.

அந்த நஞ்சைச் செய்வது கடற்பஞ்சுதானா என்பது அடுத்த கேள்வி. இதே இனம் ஓரிடத்தில் மைக்கலமைடு, வேறோரிடத்தில் பேட்டமின், இங்கே பெலோருசைடு என்று இடத்துக்கு இடம் வெவ்வேறு சேர்மங்களை வைத்திருந்தது ஆய்வாளர்களுக்கு முதலிலிருந்தே உறுத்திற்று. 2020-இல் வெளியான மரபணு ஆய்வு இதைத் தெளிவாக்கியது: கடற்பஞ்சின் உடலுக்குள் குடியிருக்கும், ஆய்வகத்தில் வளர்க்க முடியாத வெவ்வேறு பாக்டீரியாக்களே இந்த மூன்று வகை நஞ்சுகளையும் செய்கின்றன. வீட்டுக்காரர் பெயரில் வந்த புகழ் முழுக்கக் குடித்தனக்காரர்களுடையது.

தங்குமிடத்தின் உரிமையாளர் சிப்பிப் பண்ணையில் வேலை பார்த்தவர். கயிற்றில் கடற்பஞ்சைக் கட்டி வளர்த்துப் பார்த்ததைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். சிப்பிக் கயிற்றில் தானாகவே பஞ்சு படர்ந்தால் சுரண்டி எறிவது எங்கள் வேலை, அவர்கள் காசு கொடுத்து வளர்த்தார்கள் என்று சிரித்தார்.

மார்ச் 14, வெள்ளி – பிக்டன்

வெலிங்டன் செல்லும் கப்பல் ரத்து. குக் நீரிணையில் அலை உயரம் மிகுதி என்று காலை ஆறு மணிக்குக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. அடுத்த இடம் எப்போது என்பதை அறியத் தொலைபேசியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் இசை கேட்க வேண்டியிருந்தது. மறுநாள் மாலைதான் இடம். அறை வாடகை 190 டாலர், நாள் முழுக்க மழை. விடுதியின் சமையலறையில் எங்களைப் போலவே மாட்டிக்கொண்ட மாவோரிக் குடும்பத்துப் பாட்டி, பெரிய பாத்திரத்தில் ஆட்டுக்கறியும் நீர்க்கீரையும் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்ததைப் பார்த்ததும் கேட்காமலே இரண்டு கிண்ணங்கள் நிறைத்து நீட்டினார். எங்களிடம் இருந்த முறுக்குப் பொட்டலம் அவருடைய பேரப்பிள்ளைகளிடம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது.

மழையில் அடைபட்ட பொழுதில் மருமகனுக்கு மீதிக் கதையைச் சொன்னேன். பொறியியல் படிப்பவன்; கணக்காகச் சொன்னால்தான் கேட்பான். ஹாலிகான்ட்ரின் பி-யின் மூலக்கூறு எடை சுமார் 1111. அதில் 32 கார்பன் அணுக்கள், இடமா வலமா என்று ஒவ்வொன்றும் சரியான திசையில் அமைந்தாக வேண்டும். இதை ஹார்வர்டில் யோஷிட்டோ கிஷியின் குழு 1992-இல் ஆய்வகத்தில் வேதிவினைகளாலேயே முழுமையாகத் தொகுத்துக் காட்டியது. கடலே வேண்டாம் என்பதற்கு அது முதல் சான்று. ஆனால் அத்தனை படிகளில் செய்யும் பொருள் மருந்தாக முடியாது. எய்சாய் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் இடைநிலைத் துண்டுகளையும் சோதித்தபோது, புற்றுச் செல்லைக் கொல்லும் திறன் மூலக்கூறின் வலப்பாதியிலேயே இருப்பது தெரிந்தது. இடப்பாதியை வெட்டி எறிந்து, எஞ்சிய வளையத்தில் எளிதில் உடையும் பிணைப்பை மாற்றி அமைத்து, எடை 730 அளவில் நிற்கும் எரிபுலினை உருவாக்கினார்கள். திசை பார்க்க வேண்டிய கார்பன்கள் 19 ஆகக் குறைந்தன. அப்படியும் அறுபதுக்கும் மேற்பட்ட படிகள். 2010 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

“அப்படியானால் கைகோராவில் ஒரு டன் வாரியது வீண்தானே, மாமா?” என்றான்.

வீண் இல்லை என்பது என் கட்சி. எரிபுலின் என்ற பொருள் பிறப்பதற்கு முன்பே, விலங்குகளில் ஹாலிகான்ட்ரின் பி-யைச் சோதித்து, இது மருந்தாகும் தகுதி உடையது என்று துணிய உதவியவற்றில் அந்த 300 மில்லிகிராமும் ஒன்று. கையில் பொருளே இல்லாத சேர்மத்துக்காக எந்த நிறுவனமும் அறுபது படிகள் ஏறியிருக்காது. புதிய சேர்மம் கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்தித்தாள்களில் வரும்போது, அது எத்தனை மில்லிகிராம் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் போட வேண்டும் என்பது என் நெடுநாள் குறை. பெயர்சூட்டுவது தொடக்கம் மட்டுமே; நிறைய நோயாளிகளிடம் செய்து பார்க்கும் மூன்றாம் கட்டச் சோதனைக்குத் தேவையான அளவு கையில் இருக்கிறதா என்பதில் பலவும் விழுகின்றன. எரிபுலின் விழவில்லை. அந்தச் சோதனையில் அதைப் பெற்றவர்களின் நடுமட்ட வாழ்நாள், மருத்துவர் தெரிந்தெடுத்த மற்ற சிகிச்சைகளைப் பெற்றவர்களின் 10.6 மாதத்தோடு ஒப்பிட 13.1 மாதமாக இருந்தது. இரண்டரை மாதம்தானா என்று அவன் கேட்டான். மருந்தகச் சாளரத்துக்கு வந்து மகளின் திருமண நாளைச் சொல்லி, அதற்குள் எத்தனை சுற்று முடியும் என்று கேட்ட ஓர் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு – வெலிங்டன்

நேற்று நள்ளிரவை ஒட்டி வந்து சேர்ந்தோம். அலை அடங்கவில்லை, கைகோராவில் கற்ற அடிவான வைத்தியமும் இருட்டில் பயன்படவில்லை.

காலையில் தெ பாப்பா அருங்காட்சியகம். வெளிநாட்டவருக்கு 35 டாலர் கட்டணம். இங்கே குடியிருக்கும் மருமகனுக்கு இலவசம் என்பதில் அவனுக்குத் தனி மகிழ்ச்சி. இங்குள்ள, தமிழ் எழுத்துப் பொறித்த பழைய மணியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால் நான் அதற்குள் போகவில்லை. மதியம் கியூபா தெருவில் மசால் தோசை 19 டாலர், சாம்பாரில் சர்க்கரை.

பிறகு மிராமர் தீபகற்பத்தின் மறுபக்கம் இருக்கும் மகாங்கா வளைகுடா. நீவா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட தேசிய நீர், வளிமண்டல ஆய்வு நிறுவனம் மைக்கேல் கடற்பஞ்சைக் கயிற்றில் வளர்த்துப் பார்த்த இடங்களுள் ஒன்று. கைகோராவின் ஆழ்நீர்க் கடற்பஞ்சையும் ஆழம் குறைந்த நீரில் வளர்க்க முடியும், அங்கேயும் அது ஹாலிகான்ட்ரினைத் தொடர்ந்து கொண்டிருக்கும் என்று இந்நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இருளிலும் குளிரிலும் இருந்து எடுத்துவந்த உயிர் வெளிச்சத்தில் பிழைத்ததே பெரிது. தொகுப்பு வேதியியல் முந்திக்கொண்டதால் அந்தப் பண்ணை வளரத் தேவை இல்லாமல் போயிற்று.

பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. சிறு கூழாங்கல் கரை, தூண்டில் போட்டுக்கொண்டிருந்த தந்தையும் மகளும், தொப்பியைப் பறிக்கும் காற்று. பேருந்து வர நாற்பது நிமிடம் இருந்தது. பெலோருசைடும் இப்போது மருந்தாக விற்கிறதா என்று மருமகன் கேட்டான். இல்லை. அதையும் வேதியியலாளர்கள் தொகுத்துவிட்டார்கள், விலங்குகளில் சோதித்துவிட்டார்கள். கண்டறிந்து கால் நூற்றாண்டு ஆகியும் குப்பியில் வரவில்லை. இப்போது பாக்டீரியாவின் மரபணுக்களை எடுத்து, வளர்க்க எளிதான வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்துச் செய்ய முடியுமா என்ற முயற்சி நடக்கிறது. அப்படி வந்தால் அதற்கு எவ்வளவு விலை வைப்பார்கள் என்பது அவனுடைய அடுத்த கேள்வி. எரிபுலின் முதலில் வந்தபோது இருந்த விலையையும், இந்திய நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கிய பின் இருக்கும் விலையையும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேருந்து வந்துவிட்டது.